ஓசோனை அளக்கும் தராசுக்கு முத்திரை வைப்பது யார்?

ஓசோன் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது பள்ளிப் பாடப் புத்தகத்தில் இருந்த அந்த ஒரு பக்கம்தான். வானத்தில் ஒரு படலம், அதில் ஒரு ஓட்டை, ஃபிரிட்ஜும் ஸ்ப்ரேயும் காரணம், செப்டம்பர் 16 ஓசோன் தினம். அன்றைக்கு ஒரு ஓவியப் போட்டி. அவ்வளவுதான். கொஞ்சம் செய்தி படிக்கிறவர்கள் கூடுதலாக ஒன்று சொல்வார்கள்: "அதெல்லாம் பழைய கதை, ஓட்டை மூடிக்கொண்டு வருகிறதாமே!"

உண்மைதான், மூடிக்கொண்டுதான் வருகிறது. ஆனால் அது மூடுகிறது என்பது நமக்கு எப்படித் தெரியும்? யாரோ அளந்து சொன்னார்கள். எதைக் கொண்டு அளந்தார்கள்? அந்தக் கருவி சரியாகத்தான் அளக்கிறது என்று யார் சொன்னது? செமினாருக்காக இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தபோது எனக்கு ஓசோனைவிட அதை அளக்கும் கதைதான் சுவாரஸ்யமாக இருந்தது. படித்து முடித்தபோது ஒரு கருத்தும் உருவாகிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சுருக்கமாகச் சொன்னால் இதுதான். புதிய செயற்கைக்கோள் என்றாலே "இன்னும் துல்லியமான படம்" என்றுதான் எல்லோரும் பேசுகிறோம். மொபைல் வாங்கும்போது மெகாபிக்சல் கேட்கிற மாதிரி. ஓசோன் விஷயத்தில் இன்றைய அவசரத் தேவை அதுவல்ல. பழைய கருவியும் புதிய கருவியும் சேர்ந்து ஓடும் காலம், உயரம் உயரமாக ஓசோனைப் பிரித்துக் காட்டும் கருவிகள், தரையில் இருக்கும் பழைய நிலையங்கள் – இந்த மூன்றும்தான் தேவை. மூன்றுமே கவர்ச்சியில்லாத வேலைகள். அதனால்தான் மூன்றுக்கும் காசு கிடைப்பதில்லை.

மூன்று மில்லிமீட்டர்

முதலில் அடிப்படை. நம் தலைக்கு மேலே உள்ள ஓசோன் முழுவதையும் திரட்டி, தரைமட்ட அழுத்தத்தில், பூஜ்ஜியம் டிகிரி வெப்பநிலையில் ஒரு படலமாகப் பரப்பினால் அதன் தடிமன் எவ்வளவு இருக்கும் தெரியுமா? உலக சராசரியாக மூன்று மில்லிமீட்டர். நம்மைப் புற ஊதாக் கதிரிலிருந்து காப்பாற்றுவது அவ்வளவுதான்.

இந்த மூன்று மில்லிமீட்டரை 300 டாப்சன் அலகு என்று சொல்வார்கள். ஒரு அலகு என்றால் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. 1920களில் ஆக்ஸ்போர்டில் ஓசோனை அளக்கும் கருவியை உருவாக்கிய கார்டன் டாப்சன் பெயரில் வந்த அலகு இது. பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கும் நமக்கு இயல்பாகவே ஓசோன் கொஞ்சம் குறைவு. துருவங்களை நோக்கிப் போகப்போக அதிகம். அண்டார்டிகாவின் மேல் 220 அலகுக்குக் கீழே போன பகுதியைத்தான் "ஓட்டை" என்கிறார்கள். நிஜமான ஓட்டை கிடையாது, மெலிந்துபோன இடம்.

டாப்சன் கருவி செய்வது எளிமையான வேலை. சூரிய ஒளியில் இரண்டு அலைநீளங்களை எடுத்துக்கொள்ளும். ஒன்று ஓசோன் நிறைய விழுங்குவது. மற்றது அவ்வளவாக விழுங்காதது. கீழே வந்து சேரும்போது இரண்டின் விகிதம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்தால், வழியில் எவ்வளவு ஓசோன் இருந்தது என்று தெரிந்துவிடும்.

செயற்கைக்கோளும் கிட்டத்தட்ட இதையேதான் செய்கிறது, ஆனால் தலைகீழாக. மேலிருந்து கீழே பார்க்கிறது. சூரிய ஒளி உள்ளே போய், காற்றிலும் மேகத்திலும் தரையிலும் பட்டுத் திரும்பி வருவதை அளக்கிறது. இதில் நம் நாட்டுக்காரர் ஒருவரின் பங்கு உண்டு. பாலக்காடு கல்பாத்தியில் பிறந்து, சர் சி.வி. ராமனிடம் ஆய்வு செய்து, பிறகு அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராக இருந்த கே.ஆர். ராமநாதன் ஓசோன் ஆய்வில் உலகப் பெயர் பெற்றவர். சர்வதேச ஓசோன் குழுவுக்கே தலைவராக இருந்தவர். அவரோடு சேர்ந்து, தரையிலிருந்து ஓசோனின் உயர வாரியான பரவலைக் கணக்கிடும் முறையை 1957ல் எழுதியவர் ஜே.வி. தவே. அதே தவேதான் பத்து ஆண்டுகள் கழித்து, 1967ல், மாட்டீர் என்பவரோடு சேர்ந்து செயற்கைக்கோளிலிருந்து மொத்த ஓசோனை அளக்க முடியுமா என்று ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். பின்னால் நாசா பறக்கவிட்ட கருவிகளின் கணக்கு முறைக்கு அதுதான் அஸ்திவாரம்.

1983ல் நடந்தது என்ன?

இப்போது எல்லோரும் சொல்லும் ஒரு கதையைப் பார்ப்போம். "நாசாவின் செயற்கைக்கோள் ஓசோன் ஓட்டையைப் பார்த்தது, ஆனால் கம்ப்யூட்டர் அதைப் பிழை என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிட்டது." எத்தனையோ புத்தகங்களில் இப்படித்தான் இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நடந்தது அப்படியல்ல. நடந்தது இதைவிடப் பாடம் சொல்லும் கதை.

1978 அக்டோபரில் ஏவப்பட்ட நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் டாம்ஸ் என்ற ஓசோன் கருவி இருந்தது. 180 அலகுக்குக் கீழே வந்த அளவுகளை அதன் சாஃப்ட்வேர் அழிக்கவில்லை. "சந்தேகத்துக்குரியது" என்று குறியிட்டு வைத்தது. 1984ல் டேட்டாவைப் பார்த்துக்கொண்டிருந்த விஞ்ஞானிகள், 1983 அக்டோபரில் இந்தக் குறிகள் திடீரென்று குவிந்திருப்பதைக் கவனித்தார்கள். எல்லாமே அண்டார்டிகாவின் மேல். அந்தக் குழுவில் முக்கியமானவர் நாசாவில் பணியாற்றிய இந்தியரான பவன் பார்தியா.

உடனே அறிவித்துவிட்டார்களா? இல்லை. எந்த நல்ல விஞ்ஞானியும் செய்வதைச் செய்தார்கள்: தரையில் இருக்கும் கருவி என்ன சொல்கிறது என்று பார்த்தார்கள். தென் துருவத்தில் இருந்த அமெரிக்க நிலையத்தின் டாப்சன் கருவி அப்போது சுமார் 300 அலகு காட்டிக்கொண்டிருந்தது. அதாவது எல்லாம் சுகம்! ஆகவே செயற்கைக்கோளில்தான் கோளாறோ என்ற சந்தேகம். பிறகுதான் தெரிந்தது, அந்தத் தரைக் கருவியை தவறான அலைநீள அமைப்பில் வைத்து இயக்கிக்கொண்டிருந்தார்கள் என்று.

இதற்குள் வேறு இரண்டு பேர் முந்திக்கொண்டார்கள். ஜப்பானின் ஷோவா நிலையத்தில் அளந்த ஷிகெரு சுபாச்சி, 1982ல் தான் பார்த்த குறைவான அளவுகளை 1984ல் ஒரு மாநாட்டில் வைத்தார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பிரிட்டனின் ஹாலி நிலையத்தில் 1950களிலிருந்து டாப்சன் கருவியால் அளந்து வந்த குழுவைச் சேர்ந்த ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் 1985 மே மாதம் நேச்சர் இதழில் எழுதினார்கள். அக்டோபர் மாத ஓசோன், ஒருகாலத்தில் 300 அலகுக்குப் பக்கத்தில் இருந்தது, 200க்கும் கீழே போய்விட்டது என்று. உலகம் அதிர்ந்தது. அதன் பிறகு செயற்கைக்கோள் படங்கள் வந்து, இந்தச் சரிவு ஒரு நிலையத்தின் மேல் மட்டுமல்ல, ஒரு கண்டத்தின் மேல் முழுவதும் என்று காட்டின. 1987ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

இந்தக் கதையில் நான் எடுத்துக்கொண்ட பாடம் "கம்ப்யூட்டரை நம்பாதே" என்பதல்ல. ஒரு கருவியை மட்டும் நம்பாதே என்பதுதான். ஒரு தரைக் கருவி தவறு செய்தது, செயற்கைக்கோள் சரியாக இருந்தது. அதைத் தீர்த்துவைத்தது இன்னொரு தரைக் கருவி. மூன்றாவது சாட்சி இல்லாமல் போயிருந்தால் எத்தனை வருடம் வீணாகியிருக்கும்?

கறுத்துப்போன தகடு

செயற்கைக்கோளும் யோக்கியம் இல்லை என்பதற்கு அடுத்த உதாரணம் அதே நிம்பஸ்-7ல் இருக்கிறது.

கீழிருந்து திரும்பி வரும் ஒளியை அளந்தால் மட்டும் போதாது. சூரியனிலிருந்து எவ்வளவு வந்தது என்பதும் தெரிய வேண்டும். சூரியனை நேராகப் பார்த்தால் கருவி தாங்காது. அதனால் ஒரு தகட்டில் சூரிய ஒளியைப் பட்டுத் தெறிக்கவைத்து, அதை அளப்பார்கள். வருஷக்கணக்கில் வெயிலில் காய்ந்து காய்ந்து அந்தத் தகடு மங்கிப்போனது. வெயிலில் கிடக்கும் பிளாஸ்டிக் வாளி நிறம் மாறுவது போலத்தான். தகடு மங்கியதை கணக்கு முறை சரியாகப் பிடிக்கவில்லை. விளைவு? ஓசோன் நிஜத்தில் குறைந்ததைவிட அதிகமாகக் குறைவதாக டேட்டா காட்டியது.

இதைச் சரிசெய்தது யார்? மறுபடியும் தரைக் கருவிகள்தான். 1988ல் வந்த ஓசோன் போக்கு பற்றிய நிபுணர் குழு அறிக்கை, டாப்சன் நிலையங்களின் பழைய டேட்டாவை எல்லாம் மறுபடி அலசியது. செயற்கைக்கோள் சொன்ன அளவுக்கு இல்லை, ஆனால் குறைவு நிஜம் என்று சொன்னது. வட அரைக்கோளத்தின் நடுப்பகுதியில் 1969க்குப் பிறகு 1.7 முதல் 3 சதவீதம் வரை. இந்தச் சின்ன எண் உறுதியானதால்தான் ஒப்பந்தத்தைப் பின்னால் இன்னும் கடுமையாக்க முடிந்தது. சும்மா மிகைப்படுத்திய எண்ணை வைத்துக்கொண்டு போயிருந்தால், எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் உடைத்திருக்கும்.

அதன் பிறகு வந்த கருவிகளில் இந்தப் பாடம் அப்படியே இருக்கிறது. 1991ல் சோவியத்தின் மீட்டியோர்-3 செயற்கைக்கோளில் ஏறிப்போன டாம்ஸ் கருவியில் ஒரு தகட்டுக்குப் பதில் மூன்று தகடுகள். ஒன்று அடிக்கடி வெயிலில் காட்ட. இன்னொன்று எப்போதாவது மட்டும் வெளியே எடுத்து, முதல் தகடு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று ஒப்பிட. என் பார்வையில் இந்த மூன்று தகடு ஏற்பாடு, எத்தனையோ மெகாபிக்சலுக்குச் சமம்.

மேகமும் ராமனும்

துல்லியம் கூடிய இன்னொரு வழியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் நம்மூர்க்காரர் ஒருவர் வருகிறார்.

மேலிருந்து பார்க்கும்போது பெரிய தொந்தரவு மேகம். மேகத்துக்குக் கீழே இருக்கும் ஓசோன் செயற்கைக்கோளுக்குத் தெரியாது. அதை ஊகித்துச் சேர்க்க வேண்டும். எவ்வளவு சேர்ப்பது என்பது மேகம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆரம்பத்தில் சராசரி உயரம் ஒன்றை வைத்துக்கொண்டு ஒப்பேற்றினார்கள்.

பிறகு ஒரு அழகான வழி கிடைத்தது. சூரிய ஒளியின் நிறமாலையில் சில இடங்களில் கறுப்புக் கோடுகள் இருக்கும். அந்த ஒளி காற்றில் பட்டுச் சிதறும்போது ராமன் விளைவால் அதில் ஒரு சிறு பங்கு அலைநீளம் மாறி, அந்தக் கறுப்புக் கோடுகளுக்குள் கொஞ்சம் வெளிச்சத்தை நிரப்பிவிடும். எவ்வளவு அதிகக் காற்றில் ஒளி பயணம் செய்ததோ, அவ்வளவு அதிகம் நிரம்பும். மேகம் உயரத்தில் இருந்தால் அதற்கு மேலே காற்று குறைவு, ஆகவே நிரம்புவதும் குறைவு. ஆக, கோடு எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று பார்த்தால் மேகத்தின் உயரம் தெரிந்துவிடும்! 2004ல் ஆரா செயற்கைக்கோளில் போன ஓஎம்ஐ கருவியின் டேட்டாவில் இந்த முறை பயன்படுத்தப்பட்டது. திருச்சியில் பிறந்தவர் 1928ல் கண்டுபிடித்த ஒரு விளைவு, விண்வெளியிலிருந்து ஓசோனைத் திருத்த உதவுகிறது. பிப்ரவரி 28 அறிவியல் தினத்தில் பேச்சுப் போட்டிக்குப் போகிறவர்கள் இதைச் சொல்லலாம் :-)

0.3 சதவீதம்

இதெல்லாம் பழைய கதை, இப்போதுதான் கருவிகள் நன்றாக வந்துவிட்டனவே என்று கேட்கலாம். வந்துவிட்டன. டாம்ஸ் ஒரு சமயத்தில் பார்த்தது ஐம்பது கிலோமீட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் கட்டம். ஓஎம்ஐ அதை 13க்கு 24 கிலோமீட்டராகக் குறைத்தது. 2017ல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் ட்ரோபோமி, இன்று ஐந்தரைக்கு மூன்றரை கிலோமீட்டர் கட்டம் வரை பார்க்கிறது. தென்கொரியா 2020ல் ஏவிய ஜெம்ஸ் ஆசியாவின் மேல் ஒரே இடத்தில் நின்று பகலில் மணிக்கொரு தடவை அளக்கிறது. ஊர்களின் காற்று மாசைப் பார்க்க இதெல்லாம் பிரமாதம். அதை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் ஓசோன் படலம் தேறுகிறதா என்பது வேறு கேள்வி. 2022ல் வந்த உலக வானிலை அமைப்பின் மதிப்பீடு என்ன சொல்கிறது? துருவங்கள் நீங்கலான உலகின் மொத்த ஓசோன், 1996 முதல் 2020 வரை பத்து ஆண்டுக்கு சுமார் 0.3 சதவீதம் ஏறியிருக்கிறது. கூட்டவோ குறைக்கவோ வேண்டிய நிச்சயமின்மையும் அதே 0.3 சதவீதம்! அதாவது முந்நூறு அலகில், பத்து வருஷத்தில், ஒரே ஒரு அலகு. படலத்தின் தடிமனில் சொன்னால் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு.

இப்போது யோசியுங்கள். ஒரு கருவி போய் இன்னொரு கருவி வரும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு சதவீதம் வித்தியாசம் இருப்பது சாதாரணம். ஆய்வகத்தில் ஓசோன் எந்த அலைநீளத்தில் எவ்வளவு விழுங்குகிறது என்று அளந்த அட்டவணையை மாற்றினாலே விடை அந்த அளவுக்கு நகரும். நாம் தேடும் மாற்றமோ அதில் மூன்றில் ஒரு பங்கு.

ரயில்வே ஸ்டேஷனில் காசு போட்டு எடை பார்க்கும் மெஷின் ஞாபகம் இருக்கிறதா? ஒரே மெஷினில் மாதாமாதம் ஏறி நின்றால், அது ஒரு கிலோ தப்பாகக் காட்டினாலும் நீங்கள் இளைத்தீர்களா என்பது தெரியும். போன மாதம் திருச்சி ஜங்ஷனில், இந்த மாதம் எழும்பூரில் என்று பார்த்தால்? குறைந்தது நீங்களா, மெஷினா? எழும்பூர் மெஷின் எவ்வளவு புதுசாக, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் இதற்குப் பதில் கிடைக்காது. ஒரே நாளில் இரண்டிலும் ஏறி நின்றால்தான் கிடைக்கும்.

அந்த "ஒரே நாளில் இரண்டிலும்" என்பதுதான் செயற்கைக்கோள் விஷயத்தில் இரண்டு கருவிகளும் சேர்ந்து ஓடும் காலம். அது இல்லாமல் போன சமயமும் உண்டு. மீட்டியோர்-3ல் இருந்த டாம்ஸ் 1994 டிசம்பரில் நின்றது. அடுத்த டாம்ஸ் விண்ணுக்குப் போனது 1996 ஜூலையில். நடுவில் ஒன்றரை வருஷம் டாம்ஸே இல்லை. அமெரிக்க வானிலை செயற்கைக்கோள்களில் இருந்த வேறு வகைக் கருவியும் தரை நிலையங்களும்தான் அந்த இடைவெளியின் இரு கரைகளையும் கட்டிப்பிடித்தன.

எந்த மாடியில்?

இரண்டாவது விஷயம் உயரம். மொத்த ஓசோன் எவ்வளவு என்பது ஒரு கட்டடத்தில் மொத்தம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது மாதிரி. எந்த மாடியில் எத்தனை பேர் என்பது அதில் தெரியாது. குளோரின் விஷயத்தில் ஒப்பந்தம் வேலை செய்கிறதா என்பது முதலில் தெரிவது நாற்பது கிலோமீட்டர் உயரத்தில். அங்கே ஓசோன் நன்றாகவே ஏறிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கீழே, அதுவும் இருபது கிலோமீட்டருக்குக் கீழே? 2018ல் பால் என்பவரின் குழு, பல செயற்கைக்கோள் டேட்டாவைக் கோத்துப் பார்த்து, அங்கே ஓசோன் இன்னும் குறைந்துகொண்டுதான் இருக்கிறது என்றது. அதே வருஷம் சிப்பர்ஃபீல்டு குழு, அது காற்றோட்டத்தின் ஆண்டுக்கு ஆண்டு மாற்றம்தான் என்று பதில் சொன்னது. மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் ஒன்றையொன்று சரிக்கட்டினால் மொத்தம் அசையாது. மொத்தத்தை மட்டும் பார்க்கிறவனுக்கு இந்தச் சண்டையே தெரியாது.

உயரம் உயரமாகப் பார்க்க, கருவி நேர் கீழே பார்க்காமல் பூமியின் விளிம்பைப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். இதில் மூன்று வழிகள். முதல் வழி, சூரியன் உதிக்கும்போதும் மறையும்போதும் வளிமண்டலத்தின் ஊடாகச் சூரியனையே பார்ப்பது. சேஜ் வகைக் கருவிகள் இப்படி. இதில் ஒரு பெரிய சௌகரியம்: ஒவ்வொரு தடவையும் காற்றே குறுக்கிடாத சூரியனை முதலில் அளந்து, அதால் வகுத்துக்கொள்வதால் கருவி மங்கினாலும் கவலையில்லை. தன் தராசுக்குத் தானே முத்திரை வைத்துக்கொள்ளும். குறை என்னவென்றால், ஒரு நாளைக்கு முப்பது இடங்களுக்கு மேல் கிடைக்காது.

இரண்டாவது வழி, விளிம்பில் சிதறும் ஒளியைப் பார்ப்பது. இடங்கள் நிறையக் கிடைக்கும். ஆனால் கருவி பார்க்கும் விளிம்பு மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே உயரத்தில் நூறு மீட்டர் பிசகினால், மேல் அடுக்கில் ஓசோன் கணக்கு இரண்டு சதவீதம் அளவுக்கு மாறிவிடும்.

மூன்றாவது வழி, ஓசோன் தானே வெளியிடும் மைக்ரோவேவ் கதிரைக் கேட்பது. இதற்குச் சூரியனே வேண்டாம். துருவத்தின் ஆறு மாத இரவிலும் வேலை செய்யும். ஆரா செயற்கைக்கோளில் 2004ல் போன எம்எல்எஸ் இப்படிப்பட்டது. ஓசோனோடு, அதை அழிக்கும் குளோரின் சேர்மங்களையும், நீராவியையும் சேர்த்து அளந்தது. 2022 ஜனவரியில் டோங்கா அருகே கடலடி எரிமலை வெடித்து, மேல் வளிமண்டலத்தின் நீராவியை ஒரே நாளில் சுமார் பத்து சதவீதம் கூட்டிவிட்டது என்று சொன்னது இந்தக் கருவிதான். ஐந்து ஆண்டுக்கு என்று செய்த செயற்கைக்கோள் இருபது ஆண்டைத் தாண்டியும் டேட்டா அனுப்பியது. அந்த இருபது ஆண்டில் எம்எல்எஸ் கருவிக்கு ஒரு வாரிசை நாசா ஏவவில்லை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். அடுத்த எரிமலை, அடுத்த பெரிய காட்டுத்தீ வரும்போது துருவ இரவில் என்ன நடந்தது என்று சொல்ல ஆள் வேண்டாமா?

தரையில் நிற்கும் பெட்டிகள்

மூன்றாவது, தரை நிலையங்கள். நம் கொடைக்கானலில் 1957ல் டாப்சன் கருவியால் ஓசோனை அளக்க ஆரம்பித்தார்கள். டூர் போய் ஏரியில் படகு ஓட்டி, தூண் பாறையில் போட்டோ எடுத்துக்கொண்டு வரும் நமக்கு இது தெரியாது. எந்தச் செயற்கைக்கோளும் பறக்காத காலத்து டேட்டா அது. வெப்ப மண்டலத்தில் அப்படிப்பட்ட பழைய நிலையங்கள் உலகத்திலேயே சொற்பம்.

இந்தப் பெட்டிகளுக்கும் முத்திரை வைக்கும் ஏற்பாடு உண்டு. அமெரிக்காவில் இருக்கும் 83ஆம் எண் டாப்சன் கருவிதான் உலகத்துக்கே மூலத் தராசு. ஹவாய் தீவின் மவுனா லோவா மலையில் வைத்து, சூரியன் ஏற ஏற அளந்து, காற்றே இல்லாவிட்டால் எவ்வளவு ஒளி வரும் என்று கணக்கிட்டு அதைச் சரிபார்ப்பார்கள். மற்ற நாட்டுக் கருவிகளை அதனோடும் அதன் துணைக் கருவிகளோடும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். மளிகைக்கடைத் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை போடுகிற அதே வேலைதான்.

தரையும் எப்போதும் சரி என்று நான் சொல்லவில்லை. பலூனில் கட்டி அனுப்பும் ஓசோன் கருவிகளில், 2013க்குப் பிறகு சுமார் மூன்றில் ஒரு பங்கு நிலையங்களில் அளவு சில சதவீதம் திடீரென்று இறங்கியிருப்பதாக 2020ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஓசோன் இறங்கவில்லை, கருவிதான் காரணமாக இருக்க வேண்டும் என்றார்கள். எப்படித் தெரிந்தது? செயற்கைக்கோள் டேட்டாவோடு ஒப்பிட்டதால்! 1983ல் தென் துருவத்தில் நடந்ததே மறுபடி நடந்திருக்கிறது. இந்த முறை ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இருந்தார்கள், சீக்கிரம் பிடித்துவிட்டார்கள்.

மறுப்புகள்

நண்பர்கள் சொன்ன மறுப்புகள் சிலவற்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

"பிரச்சனை தீர்ந்துவிட்டது, இன்னும் எதற்கு அளக்க வேண்டும்?" தீரவில்லை. அண்டார்டிகா 1980ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும் என்றுதான் அதே 2022 மதிப்பீடு சொல்கிறது. நமக்கெல்லாம் பேரன் பேத்தி பிறந்திருக்கும். அதுவும் எல்லா நாடும் ஒப்பந்தத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தால். தடை செய்யப்பட்ட சிஎஃப்சி-11 வாயு எங்கிருந்தோ புதிதாகக் கசிகிறது என்று 2018லும், அதில் பெரும்பங்கு கிழக்குச் சீனாவிலிருந்து என்று 2019லும் தெரியவந்ததே, அது யாரும் தானாக வந்து ஒப்புக்கொண்டதால் அல்ல. விடாமல் காற்றை அளந்துகொண்டிருந்த நிலையங்கள் காட்டிக்கொடுத்தன. பிறகு கசிவும் குறைந்தது.

"கம்ப்யூட்டர் மாடல் வைத்து இடைவெளியை நிரப்பிக்கொள்ளலாமே?" நிரப்பலாம். ஆனால் மாடல் சரியா என்று சோதிக்கத்தான் அளவீடே. மாணவன் எழுதிய விடைத்தாளை அவனையே திருத்தச் சொன்னால் எல்லோரும் சென்டம்தான்.

"செலவு?" இது நியாயமான கேள்வி. பெரிய செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான கோடி. ஆனால் நான் கேட்பதில் பாதி மலிவானது. ஒரு டாப்சன் கருவியைப் பராமரிப்பது, அதை இயக்க ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பது, சில ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பீட்டுக்கு அனுப்புவது – இதெல்லாம் ராக்கெட் செலவில் தூசு. இதை நிறுத்திவிட்டு மேலே எவ்வளவு விலையுயர்ந்த கருவியை அனுப்பினாலும், அது முத்திரை இல்லாத தராசு.

நாம் என்ன செய்யலாம்?

அமெரிக்காவும் ஐரோப்பாவும் பார்த்துக்கொள்ளும் என்று இனி இருக்க முடியாது என்பது என் எண்ணம். இந்தியாவின் இன்சாட்-3டி 2013ல் போனது. அதன் அகச்சிவப்புக் கருவியில் ஓசோனுக்கென்று ஒரு அலைவரிசை உண்டு. அது மொத்த அளவுக்குத்தான் உதவும். விளிம்பைப் பார்த்து உயரம் உயரமாக அளக்கும் ஒரு சிறிய கருவியை இஸ்ரோ செய்ய முடியாதா? நிலவைச் சுற்றியாயிற்று, செவ்வாயைச் சுற்றியாயிற்று. மைக்ரோவேவ் கருவி வேண்டாம், சேஜ் மாதிரி சூரியனைப் பார்க்கும் எளிமையான கருவி ஒன்று போதும். தானே முத்திரை வைத்துக்கொள்ளும் கருவி என்பதால், உலகத்தின் மற்ற கருவிகளுக்கும் அது துணை நிற்கும்.

அதோடு கொடைக்கானல் போன்ற நிலையங்களின் பழைய டேட்டாவை, மூலப் பதிவேடுகளோடு, மாணவர்கள் எளிதில் எடுத்துப் பார்க்கும்படி வைக்க வேண்டும். ஒரு எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு இதைவிட நல்ல விஷயம் கிடைக்காது. செயற்கைக்கோள் டேட்டாவோ இணையத்தில் இலவசம். இரண்டையும் பக்கத்தில் வைத்து, எங்கே ஒத்துப்போகிறது, எங்கே உதைக்கிறது என்று பார்க்க ஒரு சாதாரண கம்ப்யூட்டர் போதும்.

ஓசோன் விஷயத்தில் மனித குலம் உருப்படியாக ஒரு காரியம் செய்தது என்று எல்லோரும் பெருமைப்படுகிறோம். படலாம். ஆனால் அந்தக் காரியம் நடந்ததற்குக் காரணம், அண்டார்டிகாக் குளிரில் வருஷக்கணக்கில், பெரிதாக எதுவும் நடக்காதபோதும், சில பேர் அளந்துகொண்டே இருந்ததுதான். அந்த வேலையை "இனித் தேவையில்லை" என்று யாராவது நிறுத்தியிருந்தால் 1985ல் நமக்கு எதுவும் தெரிந்திருக்காது. இன்றைக்கும் அதே வேலைக்குத்தான் ஆளும் காசும் வேண்டும் என்கிறேன்.

இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள், பேசலாம். முக்கியமாக, கொடைக்கானல் போகிறவர்கள் தூண் பாறையோடு திரும்பிவிடாமல் அந்த வானாய்வகத்தின் பக்கமும் ஒரு எட்டு போய்வாருங்கள்.